சட்டைப் பைக்குள் 720 மில்லிமீட்டர்! தெரியுமா?

காசிமேடு என்-4 கடற்கரையில், அலைதடுப்புக் கருங்கல் மேல் நின்றுகொண்டு, தொலைவில் போகும் ஒரு சரக்குக் கப்பலை ஜூம் கேமராவில் இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மேல்தளம் தெரியும், கிரேன் தெரியும், மாலுமிகள் குடியிருக்கும் வெள்ளைக் கட்டடம் தெரியும். கப்பலின் அடிப்பகுதி மட்டும் இருக்காது! கடல் அதை விழுங்கியிருக்கும்! கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். அந்த அதிசயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால், கேமராவைக் கடையில் வாங்கும்போதே நம்மில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அட்டைப் பெட்டியில் '30 எக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தூரத்தில் இருப்பதை 30 மடங்கு பக்கத்தில் கொண்டுவரும் என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். உண்மையில் அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான்! கேமராவின் மிக நீண்ட குவிய தூரத்தை மிகக் குறுகிய குவிய தூரத்தால் வகுத்தால் வருவது அது. 24 மில்லிமீட்டரில் தொடங்கி 720-இல் முடிந்தால் 30 எக்ஸ். நம் கண் இயல்பாகப் பார்க்கும் பார்வையைச் சுமார் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 30 எக்ஸ் கேமரா கப்பலைக் கண்ணுக்குத் தெரிவதைவிட 14 மடங்குதான் பெரிதாகக் காட்டும். இதனால்தான் வாங்கிய முதல் வாரத்தில் பலர் முகம் வாடிப்போகிறது. "முப்பதுன்னாங்களே, எங்க?" என்று கேட்டவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை எக்ஸ்?' இல்லை. 'எத்தனை மில்லிமீட்டரில் முடிகிறது?' என்று கேளுங்கள்!

ஆனால் 14 மடங்கு என்பது சாதாரணமா? கலிலியோ 1610-இல் வியாழன் கோளின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கு காட்டும் குழாயால்! அதற்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒன்று இன்று 300 கிராம் எடையில் சட்டைப் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2015-இல் வந்த நிக்கான் பி900 2000 மில்லிமீட்டர் வரை போனது. 2018-இன் பி1000 போனது 3000 வரை, அதாவது 125 எக்ஸ்! அது பைக்குள் அடங்காது, எடை 1.4 கிலோ. கழுத்தில் மாட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நடந்து பார்த்தால் தெரியும்.

இத்தனை சின்னக் குழாய்க்குள் 720 எப்படி அடங்குகிறது? இங்கேதான் ரகசியம் இருக்கிறது. உள்ளே ஒளியை வாங்கும் சில்லின் அளவு வெறும் 6.17 மி.மீ.க்கு 4.55 மி.மீ. ஒரு துவரம் பருப்பு! பழைய பிலிம் கட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. பருப்பளவு சில்லுக்கு உண்மையில் 129 மி.மீ. லென்ஸே போதும், பெரிய கட்டத்தின் 720-க்குச் சமமான பார்வை கிடைத்துவிடும். அந்தத் தந்திரத்துக்கு விலையும் உண்டு. பருப்பின் மேல் விழும் ஒளி குறைவு. காசிமேட்டு மீன் ஏலத்தை இருட்டோடு போய் முழு ஜூமில் எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் வஞ்சிரமும் பாறையும் எண்ணெய் ஓவியம்போல் குழைந்து கிடக்கும். கேமராவில் பழுது இல்லை. விடியும்வரை பொறுங்கள், அதே கேமரா செதில் செதிலாக எண்ணிக் காட்டும்!

வட சென்னைக்காரர்கள் இந்தக் கேமராக்களை எங்கே வாங்கினார்கள் தெரியுமா? பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலையில், பர்மா பஜாரில்! பர்மாவில் பிழைப்பை இழந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான கடைவரிசை அது. துறைமுகத்து மதிலுக்கு எதிரே அகதிகள் போட்ட கடைகளில்தான் மூன்று தலைமுறை சென்னைவாசிகள் முதல் டேப் ரிக்கார்டரையும் முதல் கேமராவையும் கையில் ஏந்தினார்கள். நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது எனக்கு. அங்கே பேரம் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"பில்லோட வேணுமா, பில் இல்லாமலா சார்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரேட்டுதான் சார் வித்தியாசம். பொருள் ஒண்ணுதான்."

"வாரண்டி?"

"நான் இங்கயேதான சார் இருக்கப்போறேன்!"

என் முதல் ஜூம் கேமராவை ஒரு கடையில் பில் இல்லாமல்தான் வாங்கினேன். எட்டு மாதத்தில் லென்ஸ் வெளியே வந்து, உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. திரையில் 'லென்ஸ் எரர்'. சர்வீஸ் சென்டரில் இந்திய வாரண்டி அட்டை கேட்டார்கள், என்னிடம் வெளிநாட்டு அட்டைதான் இருந்தது. இலவசமாகப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பில்லோடு வாங்கியவருக்கு இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் ஆனது.

அந்த லென்ஸ் ஏன் சிக்கியது என்பதில்தான் நம் ஊர் வருகிறது. ஜூம் கேமரா மூச்சு விடும், தெரியுமா! குழல் வெளியே நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் மாதிரியேதான். இந்தக் கடற்கரையின் காற்றில் என்ன இருக்கிறது? உப்பு இருக்கிறது, நுண்மணல் இருக்கிறது, எண்ணூர்ப் பக்கம் போனால் நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கிறது. மணல் போனால் பல்சக்கரம் அரையும். சாம்பல் போனால் சில்லின் மேல் போய் உட்காரும், வானத்தைப் படம் எடுத்தால் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். பெரிய கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். இதில் கழற்றவே முடியாது, முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். கடையில் பழைய கேமரா வாங்குகிறீர்களா? முழு ஜூமுக்குப் போய் ஒரு வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துப் பாருங்கள். துளை சுருங்கும் அந்தக் கடைசி முனையில்தான் பொட்டுகள் ஒளிய முடியாமல் மாட்டிக்கொள்ளும். லென்ஸ் நீளும்போது காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்றால் வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள்.

பூஞ்சையும் உண்டு. கண்ணாடிக்கு நடுவே நூல் நூலாகப் படர்ந்து, அது விடும் அமிலம் மேல்பூச்சையே அரித்துவிடும். கேமராவைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். எடுக்கப்படாத கேமராதான் கெட்டுப்போகும்! காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் உலாவல். அரிசி டப்பாவில் புதைப்பது வேண்டவே வேண்டாம், அரிசித் தூசியும் தூசிதான்.

சரி, கப்பலுக்கு வருவோம்! மணலில் நிற்கும் ஒருவரின் கண் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரம். அங்கிருந்து தொடுவானம் எவ்வளவு தூரம் தெரியுமா? வெறும் நாலரை கிலோமீட்டர்! நம் வங்காள விரிகுடா அத்தனை பெரியது, நாம் பார்ப்பது பாரிமுனையிலிருந்து தண்டையார்பேட்டை போகிற தூரத்தைத்தான். அதற்கு அப்பால் பூமி வளைந்து இறங்கிவிடுகிறது. 15 கி.மீ. தள்ளிப் போகும் கப்பலின் அடியில் எட்டு, ஒன்பது மீட்டர் அந்த வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். எத்தனை எக்ஸ் போட்டாலும் வராது! பி900 வைத்திருந்த சிலர், மறைந்த கப்பலை ஜூம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது, ஆகவே பூமி தட்டை என்று உலகமெங்கும் வாதாடினார்கள். கண்ணுக்குப் புள்ளியாகிப்போன கப்பலை ஜூம் மீட்டுத் தரும், அது உண்மை. தொடுவானத்துக்குக் கீழே போன அடிப்பகுதியை எந்த லென்ஸும் மீட்காது.

நம்ப முடியவில்லையா? ஒரு காரியம் செய்யுங்கள். கரையில் ஒரு படம் எடுங்கள். உடனே ஓடிப்போய் ஒரு மூன்றுமாடி வீட்டு மொட்டைமாடியில் ஏறி, அதே கப்பலை அதே ஜூமில் இன்னொரு படம். 12 மீட்டர் உயரத்தில் தொடுவானம் 12 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும். கடலுக்குள் இருந்த அடிப்பகுதி, சிவப்புச் சாயம் உட்பட, மேலே வந்து நிற்கும்! நான் திருவொற்றியூரில் இதைச் செய்து பார்த்த அன்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. பூமி உருண்டை என்று பள்ளியில் படித்தது வேறு, படிக்கட்டில் ஏறிக் கண்டது வேறு.

அந்தச் சிவப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சிவப்பு நிறைய வெளியே தெரிந்தால் கப்பல் காலி. சரக்கு ஏற ஏற அது நீருக்குள் போகும். நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருப்பார்கள், பிளிம்சால் குறி. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக் கப்பலையும் மாலுமிகளையும் சேர்த்து மூழ்கடித்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. போராடி 1876-இல் சட்டமாக்கிய கோடு அது. காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரியோடு வரும் கப்பலையும், இறக்கிவிட்டுப் போகும் கப்பலையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்!

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கப்பலின் பின்பக்கத்தில் பெயருக்குக் கீழே 'ஐஎம்ஓ' என்று போட்டு ஏழு இலக்க எண் ஒன்று இருக்கும். கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார், அந்த எண் மட்டும் உடைக்கும் நாள்வரை மாறாது. நீங்கள் படித்தது சரியா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்! 9074729 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 139 வரும். அதன் கடைசி இலக்கம் 9, கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 9! பொருந்தாவிட்டால் உங்கள் படம் கலங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த எழுத்துகள் குறைந்தது 20 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. 720 மி.மீ. கேமராவுக்கு ஒரு கிலோமீட்டர்வரை படிக்கக் கிடைக்கும், 2000-க்குத் தெளிவான காற்றில் மூன்று கிலோமீட்டர்கூட. கேமரா வாங்கிய குடும்பத்தில் கணக்குப் பிடிக்காத பிள்ளை இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பொதுக் கரையிலிருந்து கடலைப் பாருங்கள். துறைமுக வளாகத்துக்குள் அனுமதி வாங்காமல் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது.

'தெளிவான காற்று' என்றேன் அல்லவா! ஜூம் கேமரா வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் பாதி கேமராவின் குறையே இல்லை, காற்றின் குறை. மதியம் ஒரு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் நின்று கப்பலை எடுத்தால் அது தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். சுட்ட மணலும் தாரும் மேலே அனுப்பும் வெந்நீராவி போன்ற காற்றடுக்குகள் ஒளியை வளைத்து வளைத்து விடுகின்றன. லென்ஸை மாற்றினால் தீராது, நேரத்தை மாற்றுங்கள். அதிகாலையில் காற்று அமைதி, ஆனால் கிழக்கே சூரியன், கப்பல்கள் கறுப்பு நிழலாகத் தெரியும். சாயங்காலம் நாலரைக்குச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கப்பலின் ஒவ்வொரு துருவும் பொன்னாக மின்னும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சாயங்காலம் வாய்த்ததா? வேலையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்!

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையில். தூர நின்று ஜூமில் எடுத்தால் நூறு படகும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் விழும். எண்ணூரில் வலை வீசுபவரின் தோளுக்குப் பின்னாலேயே அனல்மின் நிலையப் புகைபோக்கி முளைத்து நிற்கும். லென்ஸ்தான் தூரத்தை நசுக்குகிறது என்பார்கள். இல்லை! நீங்கள் தள்ளி நிற்பதுதான் காரணம். அதே இடத்தில் நின்று அகலமாக எடுத்து, நடுவே வெட்டிப் பாருங்கள், அதே நெருக்கம் அதிலும் இருக்கும்.

பறவைகளுக்குப் போனால் தனிக் கட்டுரை வேண்டும். செம்பருந்து காசிமேட்டில் வருடம் முழுக்க. குளிர்காலத்தில் பழுப்புத் தலைக் கடற்காகங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் பூநாரை, கூழைக்கடா. தூரத்திலிருந்தே எடுக்க முடிவதால் பறவை எழும்பாது, அதுதான் இந்தக் கேமராவின் பெரிய புண்ணியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றுமுகம் முழுக்கப் படிந்தபோது, கறுத்துப்போன இறகுகளோடு உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களின் படங்களை ஊர் பார்த்தது. பறக்க முடியாத பறவையைக் கிட்டே போய்த் துரத்தாமல் காட்ட நீண்ட ஜூம் வேண்டும்.

கைநடுக்கம்? 720-இல் நிலைப்படுத்தி இல்லாமல் எடுக்க விநாடியில் 720-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. உள்ளேயுள்ள மிதக்கும் லென்ஸ் அதை 45-இல் ஒரு பங்குவரை தளர்த்தித் தரும். மின்கம்பத்தில் தோளைச் சாய்த்தால் இன்னும் நல்லது, காசும் ஆகாது.

இடையே சில ஆச்சரியங்களை ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது! பழைய கேமராக்களில் வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடுமே, பழுதென்று எத்தனை பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்! அரை மணியைத் தாண்டினால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கூடுதல் சுங்கவரி, அதற்குப் பயந்து வைத்த பூட்டு அது. 2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. 2023-இல் 80 லட்சம்கூட இல்லை. போன் விழுங்கிவிட்டது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் 'டிஜிகேம்' என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்பாவின் பீரோவில் கிடந்த கேமராவுக்கு மறுபடி விலை வந்திருக்கிறது!

நிலாவுக்கு வாருங்கள். பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க ஊரே திரளும். காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், சாயங்காலம் வடதிருமுல்லைவாயல் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் உண்டு. அன்று மாலை கடற்கரைக்கு வந்தால் இன்னொரு தரிசனம். மேற்கே சூரியன் விழ, கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். ஜூமில் பாருங்கள், வட்டமாக இருக்காது, அழுத்தின பணியாரம்போல் தட்டையாக இருக்கும்! தொடுவானத்துக் காற்று கீழ்விளிம்பை மேல்விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுகிறது. அதைவிடப் பெரிய அதிசயம்: கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த முழுநிலா உண்மையில் இன்னும் உதிக்கவே இல்லை! காற்று ஒளியை வளைத்துத் தூக்கும் அளவு நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். தொடுவானத்துக்குக் கீழே இருப்பதைத்தான் நாம் மேலே பார்க்கிறோம். முழு ஜூமில் வைத்துக் கையை எடுத்தால் நிலா தானாக நகர்ந்துபோகும். தன் அகலத்தைக் கடக்க அதற்கு இரண்டே நிமிடம்.

கடைசியாக ஒன்று. இதற்காகவே வட சென்னையில் பிறந்திருக்கலாம் என்பேன். ஸ்ரீஹரிகோட்டா திருவொற்றியூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான்! 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35, சந்திரயான்-3. எங்கள் மொட்டைமாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவே எட்டுப் பேர். முழு ஜூமில் வடக்கே குறிவைத்துக் காத்திருந்தேன், நெருப்பு வேறிடத்தில் எழும்பியது. "அண்ணா, அங்க அங்க!" என்று கத்துகிறார்கள், என் திரையில் வெறும் வானம். புதிதாக வாங்கிய எல்லோரும் செய்யும் தப்பு இது. பாதி ஜூமில் பிடித்து, பிறகுதான் இழுக்க வேண்டும். அப்படி இழுத்துக் கிடைத்தது ஒரே ஒரு படம். ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், இத்தனை தூரத்தில் 720-இல் அது படத்தின் உயரத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. கீழே வால்போல் நெருப்பு, அது ராக்கெட்டைவிட நீளம்.

கீழ்வீட்டு அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தரையில நிக்கும்போதே எடுத்திருக்கலாம்ல தம்பி?"

முடியாது என்றேன். கப்பலின் அடியை விழுங்கிய அதே வளைவுதான் இங்கேயும். 12 மீட்டர் மாடியிலிருந்து பார்த்தால், ராக்கெட் சுமார் 180 மீட்டர் எழும்பிய பிறகுதான் நம் கண்ணுக்கே வரும். காற்று வளைத்துக் கொடுத்தால் 150. அதற்கு முன்னால் அது பூமிக்குப் பின்னால் எரிகிறது.

அக்கா கொஞ்ச நேரம் வடக்கையே பார்த்தார். பிறகு தலைக்கு மேலே காட்டினார்.

"அப்போ தண்ணித் தொட்டி மேல ஏறினா?"

கணக்குப் போட்டேன். மூன்று மீட்டர் ஏறினால், பத்து மீட்டர் முன்னாடியே தெரியும்! அடுத்த ஏவுதலுக்கு ஏணியை அக்கா வீட்டிலிருந்தே எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.